பழைய சினிமா போஸ்டர் அசல்தானா என்று எப்படி அறிவது? வரைந்தவர் பெயர் ஏன் அதில் இல்லை?

எம்.ஜி.ஆர். படப் போஸ்டர் ஒன்றை, 1965-இல் கையால் வரையப்பட்ட அசல் என்று சொல்லி 18,000 ரூபாய் கேட்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரைந்தவர் பெயர் எங்கும் காணோமே என்று கடைசியில் போகிற போக்கில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். புது வீட்டின் முன்னறைச் சுவருக்காகத் தேடுகிறீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன்; இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓவியன் அல்லன், பழம்பொருள் வியாபாரியும் அல்லன். மதுரையில் ஒரு பேனர் கம்பெனியில் இருபத்தெட்டு ஆண்டுகள் வரைந்தவரின் மகன், அவ்வளவுதான். அப்பாவைப் பெரிய ஆளாக்கப் பார்க்கிறான் என்று இங்கே யாராவது சொல்லக்கூடும். சொல்லிக்கொள்ளட்டும், அவர் முகம் வரைவதில் நல்லவர், எழுத்து வரைவதில் சுமார் என்பதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கம்பெனியில் படத் தலைப்பு எழுதுவதற்கென்றே வேறொருவர் இருந்தார்.

விற்பவர் சொல்லும் 'கையால் வரைந்த போஸ்டர்' என்ற சொல்லே பாதி உண்மைதான். கையால் வரைந்தது ஒன்றே ஒன்று. அது அச்சகத்துக்குப் போன மூல ஓவியம். லித்தோ முறையில் அச்சடித்த காலத்தில், அந்த ஓவியத்தைப் பார்த்து அச்சகத்திலிருந்த வேறொரு கலைஞர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் தகட்டில் புள்ளி புள்ளியாக மறுபடியும் வரைய வேண்டியிருந்தது. ஆகவே உங்கள் சுவருக்கு வரப்போவது, அசலாகவே இருந்தாலும், இரண்டு பேருடைய கை பட்ட ஓர் அச்சுப் பிரதி. இருவர் பெயரும் பெரும்பாலும் அதில் இராது. ஆனால் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும், ஏனென்றால் 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அச்சிட்டவர் பெயரையும் அச்சிட்ட இடத்தையும் போடச் சொன்னது. அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது பொறுப்பேற்க ஓர் ஆள். வரைந்தவனிடம் அது என்ன கேட்கப் போகிறது?

போஸ்டரிலாவது சில நேரம் விளம்பர நிறுவனத்தின் பெயரோ வடிவமைத்தவரின் பெயரோ மூலையில் இருக்கும். பேனரில் கம்பெனி பெயர் மட்டும்தான். 1957-இல் 'வணங்காமுடி' படத்துக்காகச் சென்னை சித்ரா தியேட்டரில் சிவாஜிக்கு 80 அடி உயரக் கட்அவுட் வைத்ததை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். அதைச் செய்தது மோகன் ஆர்ட்ஸ் என்பது வரை தெரியும். அந்த முகத்துக்கு அருகே சாரத்தில் நின்று வேலை செய்தவர்கள் யார் யாரென்று எத்தனை பேருக்குத் தெரியும்?

காலண்டர் ஓவியர்களுக்கு இந்தக் கதி இல்லை. கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவின் பெயர், சிவகாசியில் அச்சான முருகன், லட்சுமி படங்களோடு வீடு வீடாகப் போயிற்று. சாமி படத்தைக் கிழிக்கத் தயங்குவார்கள். ஓர் ஆண்டாவது சுவரில் தொங்கும். சினிமா ஓவியத்தின் ஆயுள் படம் ஓடும் வரைதான்.

அந்த ஆயுளை முடித்துவைக்கும் வேலை பன்னிரண்டு வயதில் என்னிடம் தரப்பட்டது. ரீப்பர் கட்டைச் சட்டத்தில் காடாத் துணியை இழுத்தடித்து, பசை கலந்த வெள்ளை பூசி, காய்ந்ததும் சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டிக் கட்டம் போடுவார்கள். கையிலிருக்கும் ஸ்டில் படத்திலும் அதே எண்ணிக்கையில் சிறு கட்டங்கள் இருக்கும். அப்பா தொழிலுக்கு வந்த புதிதில் ஸ்டில்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. புடவைக்கு என்ன நிறம் என்பதை அவரே முடிவு செய்வார். படமே கறுப்பு வெள்ளையாக இருக்கும், தியேட்டர் வாசலில் மட்டும் கதாநாயகி மாம்பழ நிறப் புடவையில் நிற்பாள். முகத்தில் பச்சையும் ஊதாவும் திட்டுத் திட்டாக அப்பியிருக்கும். எதிர்ச்சாரிப் பெட்டிக்கடையிலிருந்து பார்த்தால்தான் அது கன்னம்.

படம் தியேட்டரை விட்டதும் துணி பட்டறைக்குத் திரும்பி வரும். தாங்கும் நிலையில் இருந்தால் அதன் மேலேயே வெள்ளையடித்து அடுத்த படம். ஒரு விடுமுறையில் அப்பா மூன்று இரவு கண்விழித்து முடித்த ஒரு முகத்தின் மேல் நான் வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். நெற்றி, வாய், மோவாய் எல்லாம் போய்விட்டது. இரண்டு கண்களும் மட்டும் மிஞ்சியிருந்தன. மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். அப்பா டீ குடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்து, "என்னடா வேடிக்கை? வெள்ளிக்கிழமை படம் மாறுது, சட்டுனு பூசு" என்றார். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாக நான் கதை கட்ட மாட்டேன். பூச்சு கனத்துத் துணி வெடிக்கத் தொடங்கியதும் விற்றுவிடுவார்கள். எண்ணெய்ச் சாயம் ஏறிய துணியில் தண்ணீர் இறங்காது என்பதால் அது குடிசைக் கூரைக்குப் போகும். அப்பா வரைந்த ஒரு பேனர்கூட இன்று எங்கள் வீட்டில் இல்லை. 2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்ததும் கம்பெனியும் இல்லாமல் போயிற்று. அவர் கடை ஷட்டர்களில் விளம்பரம் எழுதினார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சிக்காக எங்களிடமிருந்த புகைப்படங்களைக் கேட்டு வாங்கிப்போனார்கள். அப்பா பட்டறையில் நின்று வரையும் படம் அவற்றில் ஒன்று. பின்புறம் பெயரை எழுதித்தான் கொடுத்தேன். போய்ப் பார்த்தால், கீழே 'பெயர் அறியாத ஓவியர்' என்று போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே, பிரபல ஓவியர் எம்.எஃப். உசேனும் பம்பாயில் சினிமா பேனர் வரைந்தவர்தான் என்று ஒரு பெரிய பலகை. அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொழிலை விட்டு வெளியே வந்து புகழ்பெற்ற ஒருவரைக் காட்டித்தான் அந்தத் தொழிலுக்கு மரியாதை தேட வேண்டுமா?

உங்கள் போஸ்டருக்கு வருகிறேன். அதை லென்ஸ் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கையால் குத்தியதுபோல் இருந்தால் பழைய லித்தோவாக இருக்க வாய்ப்புண்டு. வரிசை பிசகாத புள்ளிகள் என்றால், கையால் வரையாமல் புகைப்பட முறையில் தகடு எடுத்து அச்சடிக்கும் ஆஃப்செட்; அது போலி என்று ஆகிவிடாது, ஆனால் காலம் பிந்தியதாக இருக்கலாம். எம்.ஜி.ஆர். படங்கள் திரும்பத் திரும்ப வெளியிடப்பட்டு, அவ்வப்போது புதுப் போஸ்டரும் அடிக்கப்பட்டதால், படம் வந்த ஆண்டை போஸ்டரின் ஆண்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'புத்தம் புதிய காப்பி' என்று எங்காவது இருந்தால் அது மறுவெளியீட்டுக்கு அடித்ததுதான். மைத்தூள் தெளித்தாற்போல் தெரிந்தால் அண்மையில் கம்ப்யூட்டர் பிரிண்டரில் எடுத்தது. பழையவற்றில் மடிப்புத் தடம் பெரும்பாலும் இருக்கும். சுவரில் ஒட்டியவை கிழிந்துபோக, விநியோகஸ்தர் கிடங்கில் மடித்துக் கிடந்தவைதான் தப்பின.

கடைசியாகக் கீழ் ஓரத்தைப் பாருங்கள். அச்சகத்தின் பெயரும் ஊரும் அங்கேதான் இருக்க வேண்டும். ஃபிரேமுக்குள் மறைந்திருந்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஓரத்தை வெட்டிவிட்டு விற்கிறார் என்றால் 18,000 அல்ல, 1,800-கூட நான் கொடுக்க மாட்டேன்.