லெபனான் அம்பரில் ஆண் கொசு: லிபனோகுலெக்ஸ் கேள்வி பதில்

கேள்வி: மேடம், லிபனோகுலெக்ஸுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

பதில்: லெபனானின் ஹம்மானா ஊரருகே கிடைத்த அம்பரில், அதாவது இறுகிக் கல்லான மரப்பிசினில், இரண்டு ஆண் பூச்சிகள் இருந்தன. வயது ஏறக்குறைய 13 கோடி ஆண்டு. புதைபடிவப் பூச்சி ஆய்வாளர் டேனி அசார் குழுவினர் 2023-ல் லிபனோகுலெக்ஸ் இன்டர்மீடியஸ் என்று பெயர் வைத்தார்கள். இன்று நம்மைக் கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை வளர அதற்கு இரத்தம் வேண்டும். ஆணுக்குத் தேன் போதும். ஆனால் இந்த ஆண்களின் வாயில் முக்கோணமாகக் கூர்ந்த தாடை, பக்கத்து உறுப்பில் அரம்போலப் பொடிப் பற்கள். தோலைத் துளைக்கும் கருவி இது! ஆணும் இரத்தம் குடித்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

கேள்வி: ஆண் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: வால்முனையில் பெண்ணைப் பற்றும் கொக்கிகள் இருக்கின்றன.

கேள்வி: அதிலிருந்து டைனோசர் டிஎன்ஏ எடுக்கலாமா?

பதில்: முடியாது. சில ஆயிரம் ஆண்டே ஆன பிசினில் சிக்கிய தேனீயில்கூட 2013-ல் தேடிக் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் மோன்டானாவில் கிடைத்த 4.6 கோடி ஆண்டுக் களிப்பாறைக் கொசுவின் வயிற்றில் இரத்தத்தின் இரும்பு இருந்தது, டிஎன்ஏ இல்லை.

கேள்வி: திமிங்கல அம்பரும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. இது மரப்பிசின்.

கேள்வி: பூச்சி வைத்த அம்பர் மோதிரம் வாங்கினேன். அசலா என்று அறிய ஊசியைச் சுட்டுக் குத்திப் பார்க்கவா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். கல் பாழாகும். மோதிரத்திலிருந்து கழற்றிய கல்லை மட்டும் உப்பு நன்றாகக் கரைத்த நீரில் போடுங்கள். அம்பர் மிதக்கும், பல பிளாஸ்டிக்குகள் மூழ்கும்.

கேள்வி: அக்கா, இது கொசுவே அல்ல, சாவோபோரிடே குடும்பம் என்று மறுப்பு வந்ததே. அந்தக் குடும்பம் இன்று கடிப்பதில்லை. அப்போ கதை முடிந்ததா?

பதில்: நல்ல கேள்வி. சாவோபோரிடே கொசுவின் நெருங்கிய உறவு. எந்தக் குடும்பம் என்ற வழக்கு நியாயமானது. ஆனால் பெயரை மாற்றினால் அந்தப் பற்கள் மறைந்துவிடாதே.

கேள்வி: பல் இருந்தால் இரத்தம் குடித்தது ஆகுமா?

பதில்: ஆகாது. அங்கே உங்கள் பக்கம்தான் நானும். வயிற்றில் இரத்தம் கண்டதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் மாட்டுத் தொழுவத்தில் கடிக்கும் ஈயில் இன்றும் ஆண், பெண் இரண்டுமே இரத்தம் குடிக்கின்றன. ஆகவே நடக்கவே முடியாத விஷயமல்ல.

கேள்வி: கொசுவிலிருந்து டிஎன்ஏ...

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: என் கல்லில் சூடான ஊசி...

பதில்: வேண்டாம்!

கேள்வி: அக்கா, வழக்கு எப்படித் தீரும்?

பதில்: அதே அம்பரில் இந்தப் பூச்சியின் பெண் ஒன்று கிடைக்க வேண்டும். இரண்டின் வாயையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.