யூரோவிஷன் லிஸ்ட்ல 3 ஜெயிச்சவங்க கூடுதலா வருது

யூரோவிஷன்ங்கிற ஐரோப்பிய நாடுகளோட வருஷாந்திரப் பாட்டுப் போட்டில ஜெயிச்ச நாடுகளை ஷீட்ல போட்டா, போட்டி எண்ணிக்கையை விட 3 கூடுதலா வருதுன்னு கேட்டிருந்தீங்க. உங்க ஷீட் தப்பில்ல, 1956லேர்ந்து 2024 வரைக்கும் 68 போட்டிக்கு 71 ஜெயிச்சவங்கன்னு வர்றது சரிதான், எதையும் டெலீட் பண்ணிடாதீங்க.

அந்த 3 எக்ஸ்ட்ரா 1969லேர்ந்து வருது. மாட்ரிட்ல ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் நாலு நாடும் ஆளுக்கு 18 பாயிண்ட், டை ஆனா என்ன பண்றதுன்னு அப்போ ரூலே கிடையாது, அதனால நாலு பேருமே வின்னர்னு அறிவிச்சுட்டாங்க. இது சில நாடுகளுக்குப் பிடிக்கல, அடுத்த வருஷம் ஆம்ஸ்டர்டாம்ல ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து, போர்ச்சுகல்லாம் வரல, வெறும் 12 நாடுதான் பாடுச்சு. எனக்கு இந்த வரலாற்றிலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். டை ரூல் அதுக்கப்புறம்தான் வந்துச்சு, 1991ல ஸ்வீடனும் பிரான்ஸும் 146ல சமமா நின்னப்போ அந்த ரூலாலதான் ஸ்வீடன் ஒண்ணே ஜெயிச்சுது.

செக் பண்ண:
1. ஃபில்டர்ல 1969 போடுங்க, 4 வரி வரணும்.
2. பிரிட்டனோட மொத்தம் 5 வரணும், 4 வந்தா 1969 விட்டுப்போச்சு.
3. 2020 காலியா இருக்கணும், கொரோனாவால போட்டியே நடக்கல.

ஒண்ணு மட்டும் கவனிங்க, ஷீட்ல பாயிண்ட் போடுற காலம்ல (column) 1956ஐ காலியாவே விடுங்க. லுகானோல நடந்த முதல் போட்டி, ஸ்விட்சர்லாந்து ஜெயிச்சுதுன்னு மட்டும் அறிவிச்சாங்க, ஓட்டு விவரம் வெளியிடவே இல்ல. அங்க 0 போட்டா சராசரி கெட்டுப்போயிடும்.