பதில்: பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச்சுற்று சுற்றி நின்றுவிடுகிறது

தூசி தட்ட கம்ப்யூட்டரின் மதர்போர்டைக் கழற்றி மாட்டினீர்கள், இப்போது ஃபேன் லேசாக அசைந்து நின்றுவிடுகிறது, போர்டில் பச்சை விளக்கு மட்டும் எரிகிறது என்கிறீர்கள். அந்த விளக்கு நல்ல துப்பு. 5 வோல்ட் ஸ்டாண்ட்பை, அதாவது கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் போர்டுக்கு வரும் சிறு மின்சாரம், வருகிறது. பவர் கார்டைச் சந்தேகிக்க வேண்டாம். ஃபேன் அசைவதால் பட்டனும் சரி. எங்கோ ஷார்ட் ஆகி, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது என்றே தோன்றுகிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், முன்பக்க யூஎஸ்பி ஒயர் எல்லாவற்றையும் கழற்றிப் பாருங்கள். அப்போதும் நின்றால் போர்டையே வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ராம் போதும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 24 பின், ப்ராசஸருக்கான 8 பின் (சில போர்டில் 4) ஒயர்கள் இரண்டையும் செருகி, போர்டில் பவர் பட்டன் ஒயர் மாட்டும் பவர் ஸ்விட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். பக்கத்துப் பின்னில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடினால் கோளாறு கேபினெட்டில்தான். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டிக் கால்) நின்று, அடிப்பக்கச் சால்டரை முட்டிக்கொண்டிருக்கும். கழற்றி மாட்டியவர்களிடம் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். அல்லது தவறவிட்ட திருகு ஒன்று கிடக்கும்.

ஓடவில்லையா? வேறு எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். பழையதைத் திறக்க மட்டும் வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.