இயற்கைச் சாயம் போட்ட துணி பொம்மை: எதைப் பார்த்து வாங்குவது?

எட்டு மாதக் குழந்தை எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கிறது, 'இயற்கைச் சாயம்' என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

மஞ்சள், அவுரி (நீலம்), மஞ்சிட்டி (சிவப்பு) போன்ற செடிச் சாயங்கள் எல்லாம் சரிதான். சாயம் துணியில் பிடிக்க எதைச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். கடுக்காய், படிகாரம் என்றால் பரவாயில்லை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்ற நச்சு உப்பு) என்றால் வேண்டாம். பதில் தெரியாத கடைக்காரரிடம் நான் வாங்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துணியை நனைத்து பொம்மையின் மேல் அழுத்தித் தேயுங்கள். அவுரி நீலம் முதலில் லேசாக ஒட்டும். இரண்டு மூன்று முறை அலசியும் ஒட்டினால் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். மஞ்சள் தோய்த்த துணி சோப்பு நுரை பட்டால் சிவக்கும், பயப்பட வேண்டாம். சிவக்கவே இல்லை என்றால்தான் சந்தேகம்!

உண்மையில் சாயத்தைவிட எனக்குப் பயம் பட்டன் கண்கள்தான். நூலால் தைத்த கண்ணாகப் பாருங்கள். தையலையும் இழுத்துப் பாருங்கள்.

இந்தியாவில் 2021 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு; அவர்களிடம் முத்திரையைத் தேடாதீர்கள். ஒரு வயது வரை தூங்கும் தொட்டிலில் எந்த பொம்மையும் வேண்டாம்.