இன்ஜினைத் திறக்கும் முன் நோட்டீஸ் அனுப்புங்கள்

கொழிஞ்சாம்பாறை வாசகர் ஒருவர் எழுதியது, சுருக்கமாக: பொள்ளாச்சி ஒர்க்‌ஷாப் ஒன்றில் 28,500 ரூபாய் கொடுத்து டீசல் காருக்கு டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் செயின்) மாற்றினேன். 4 மாதம்கூட ஆகவில்லை, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. செயின் சக்கரத்தின் பல் தாண்டி வால்வு வளைந்திருக்கும் என்கிறார்கள், 74,000 ஆகுமாம். ஒர்க்‌ஷாப்காரர் ‘நீ ஆயில் மாத்தல’ என்று என் மகன் முன்னாலேயே ஒருமையில் பேசினார். கேரளா வண்டி என்பதால்தான் இந்த அலட்சியம். வண்டி மச்சான் வீட்டுக் களத்தில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை தத்தமங்கலத்திலிருந்து மெக்கானிக் வந்து இன்ஜினைத் திறக்கிறார். 5 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

முதலில் அந்த மெக்கானிக்கை வரவேண்டாம் என்று சொல்லுங்கள்.

மகன் முன்னால் ஒருமையில் பேசியது மனதை அறுக்கும், ஆனால் வழக்கு அதில் நிற்காது. கேரளா வண்டி என்ற பேச்சையும் விடுங்கள். அதை நிரூபிக்க வழியில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 34வது பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் பாலக்காடு மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் அலைய வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பில்லில் இரண்டே வரி. ‘டைமிங் செயின் 1’, ‘லேபர்’. டென்ஷனர் இல்லை, கைடு இல்லை. ஆனால் உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கும் குரல் பதிவில் அவர், “கிட் ஃபுல்லா மாத்தியாச்சுங்க, பயப்படாம ஓட்டுங்க” என்கிறார். கிட் என்றால் செயினோடு டென்ஷனரும் கைடும் சேர்ந்த செட். உங்கள் வழக்கு இதுதான், வேறு எதுவும் இல்லை.

செயின் தேயும்போது ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மொத்த நீளம் கூடுகிறது. அந்தத் தொய்வை இழுத்துப் பிடிப்பது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் டென்ஷனர். செயின் உரசி ஓடுவது பிளாஸ்டிக் கைடு மேல். தேய்ந்துபோன டென்ஷனரையும் கைடையும் அப்படியே விட்டுச் செயினை மட்டும் மாற்றினால் தொய்வு திரும்ப வரலாம். பல் தாண்டினால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். இப்படிச் செயினை மட்டும் மாற்றிவிடுவது அதே சட்டத்தின் 2(11) பிரிவு சொல்லும் சேவைக் குறைபாடு. ஆனால் ஆயிலை நீண்ட நாள் மாற்றாமல் விட்டு, கசடு அடைத்து, டென்ஷனருக்கு அழுத்தம் போகாவிட்டாலும் இதே கதிதான். எது காரணம் என்பதை இன்ஜினுக்குள் இருக்கும் உதிரிகள்தான் சொல்ல முடியும். நிரூபிக்கும் பொறுப்போ உங்களுடையது.

இந்த இடத்தில்தான் வக்கீல்களிடம் வரும் கட்சிக்காரர்கள் விழுகிறார்கள். என்னிடம் வந்த ஒருவர் வளைந்த வால்வுகளைச் சிமெண்டுச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். வண்டியை வேறொரு ஒர்க்‌ஷாப்பில் சரிசெய்து ஓட்டிக்கொண்டும் இருந்தார். கைடும் டென்ஷனரும் ஆக்கர் (பழைய இரும்பு) கடைக்குப் போய்விட்டன. எதிர்த்தரப்பு வக்கீல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: இந்த வால்வு இந்த வண்டியினுடையது என்று யார் சொல்வது? எங்களிடம் பதில் இல்லை. புகார் தள்ளுபடி ஆனது. என் கட்சிக்காரர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும், இன்றும் அது உறுத்துகிறது.

அதனால் ஒர்க்‌ஷாப்புக்குப் ஸ்பீடு போஸ்டில், பதிவு வசதியோடு நோட்டீஸ் போடுங்கள்: இன்ன தேதி, இன்ன இடத்தில் இன்ஜினைத் திறக்கிறோம், உங்கள் ஆளை அனுப்புங்கள் என்று. வராவிட்டாலும் அழைத்ததற்குச் சான்று இருக்கும். வண்டிச் சேதத்தை மதிப்பிடும், உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர் ஒருவர் முன்னிலையில் திறந்து, ஆரம்பம் முதல் வீடியோ எடுத்து, கழற்றும் ஒவ்வொன்றையும் பையில் போட்டுச் சீல் வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். வடிக்கும் ஆயிலில் கொஞ்சத்தைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து வையுங்கள். இன்னும் பாதுகாப்பான வழி, திறக்காமலே புகார் கொடுத்து ஆணையத்திடம் பரிசோதனை கேட்பது. வண்டி அதுவரை களத்திலேயே கிடக்கும். குரல் பதிவு உள்ள போனை மாற்றாதீர்கள்.

இனி கசப்பான பேச்சு. ஆயில் இரண்டு முறை பெட்ரோல் பங்க்கில் மாற்றியதாகவும் பில் வாங்கவில்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திறக்கும்போது கசடு இருந்தால் சர்வேயர் அதையும் எழுதுவார், அந்த அறிக்கையே எதிர்த்தரப்பின் ஆயுதமாகிவிடும். 28,500 ரூபாய் வேலைக்கு 5 லட்சம் கேட்பதும் எடுபடாது. நோட்டீஸ் கிடைத்தபின் அவர்கள் பேச வந்தால் பேசுங்கள். லேபர் முழுவதும் அவர்களுடையது, உதிரி விலையில் பாதி உங்களுடையது, டென்ஷனர், கைடு, ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒவ்வொன்றும் பில்லில் தனி வரி, 1 வருட வாரண்டி எழுத்தில்: இந்த அளவுக்கு இறங்கி வந்தால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒப்புக்கொள்வேன்.

வண்டியை எடுக்கும்போது ‘முழுத் திருப்தி, இனி கோரிக்கை இல்லை’ என்று ஒரு சீட்டை நீட்டுவார்கள். சில நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போனால், 69வது பிரிவின் 2 வருடக் கெடு உங்களுக்காக நிற்காது என்பதை மறக்கவேண்டாம்.

இன்றே பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். ஸ்டார்ட் ஆகிறதா என்று மச்சான் வீட்டில் யாரும் சாவியைத் திருப்பிப் பார்க்கக்கூடாது. இனி ஒரு வால்வு வளைந்தாலும் அது உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.