ஊழிய விசாவில் போகும் மகன் திங்கட்கிழமை கடையில் நிற்கலாமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறோம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் குடும்பமாக ஞானஸ்நானம் பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இருபது வயது மகனுக்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இரண்டு ஆண்டு ஊழியத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. சமயப் பணியாளருக்கான ஆர்-1 விசா என்கிறார்கள். தெரிந்த ஏஜென்ட் ஒருவர், "அந்த இரண்டு ஆண்டுகளைக் கணக்குக் காட்டி கிரீன் கார்டு வாங்கித் தருகிறேன், மூன்று லட்சம் ஆகும், இப்போதே பாதியைக் கட்டுங்கள்" என்கிறார். அங்கே கடை வைத்திருக்கும் என் கொழுந்தனாரோ, "திங்கட்கிழமை அவனுக்கு லீவுதானே, கடையில் வந்து நிற்கட்டும், கைச்செலவுக்கு ஆகும்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, அந்த ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொழுந்தனாரிடமும் இன்றே பேசிவிடுங்கள். பையன் அவர் கடைக்குப் பொருள் வாங்கப் போகலாம். கல்லாவுக்குப் பின்னால் நிற்கக் கூடாது. இதைப் புரிந்துகொள்ளச் சட்டப் புத்தகம் வேண்டாம். உங்கள் மகனுடைய ஒரு வாரம் எப்படிப் போகும் என்று தெரிந்தால் போதும். விசா கொடுப்பதே அந்த வாரத்துக்காகத்தான்.

மார்மன் என்று ஊரார் அழைக்கும் இந்தச் சபையின் இளம் ஊழியர்கள் பொதுவாகக் காலை ஆறரைக்கு எழுகிறார்கள். உடற்பயிற்சி, காலை உணவு, வேதபாடம். பிறகு வெள்ளைச் சட்டை, டை, மார்பில் 'எல்டர்' என்று தொடங்கும் கறுப்புப் பெயர் அட்டையோடு வெளியே கிளம்பினால், இரவுதான் அறைக்குத் திரும்புவார்கள். பத்தரைக்குள் விளக்கு அணைய வேண்டும். எங்கேயும் தனியாகப் போக முடியாது. துணை ஊழியர் ஒருவர் எப்போதும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருப்பார். வீடுகளுக்குப் போய்ப் போதிப்பது, கைப்பேசியில் தொடர்பு கொள்பவர்களுக்குப் பதில் சொல்வது, முதியவர் வீட்டு வாசலில் பனி அள்ளிப் போடுவது என்று பகல் ஓடிவிடும். வாரத்தில் ஒரு நாள் பக்கத்துப் பகுதி ஊழியர்களோடு கூடிப் பேசுவார்கள். ஞாயிறு இரண்டு மணி நேர ஆராதனை, அதன் பிறகும் வேலை. ஆர்-1 விசாவுக்கு வாரம் சராசரியாக 20 மணி நேரச் சமயப் பணி போதும். உங்கள் மகன் இரண்டே நாளில் அதைத் தாண்டிவிடுவான்.

கொழுந்தனார் லீவு என்று சொல்லும் திங்கட்கிழமைக்குச் சபை வைத்திருக்கும் பெயர் ஆயத்த நாள். பெரும்பாலான ஊழியப் பகுதிகளில் அது திங்கள்தான். காலையில் இருவரும் ஒரு வாரத்து வெள்ளைச் சட்டைகளை மூட்டையாகக் கட்டித் துவைக்கப் போவார்கள். காலர் அழுக்கைக் கையால் தேய்க்காமல் இயந்திரத்தில் போட்டால் போகாது என்பதை முதல் மாதத்திலேயே உங்கள் மகன் கற்றுக்கொள்வான். முடிவெட்டு, அளவான படிப்பணத்தில் ஒரு வாரத்துக்கான அரிசி, முட்டை, ரொட்டி வாங்குவது, வீட்டுக்குப் பேசுவது. மாலை ஆறு மணிக்கு நாள் முடிந்துவிடும். பெயர் அட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி தெருவுக்குப் போக வேண்டியதுதான். இதில் கடையில் நிற்க நேரம் எங்கே இருக்கிறது? இருந்தாலும் கூடாது. ஆர்-1 விசாக்காரர் தனக்காக மனு போட்ட சபைக்கு மட்டுமே பணி செய்யலாம். சம்பளம் வாங்காமல் உதவினேன் என்ற சமாதானம் எடுபடாது.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வேறொரு சபையின் ஊழியராகச் சமய விசாவில் வந்த ஒரு பையன், ஓய்வு நேரத்தில் சித்தப்பாவின் விடுதியில் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கடைப் பெயர் போட்ட சட்டையோடு அவன் நிற்கும் படத்தைக் குடும்பத்தார் பெருமையாக இணையத்தில் போட்டார்கள். விசா நீட்டிப்பு மனுவுக்கு வந்த பதிலில் அந்தப் படத்தின் அச்சுப்பிரதி இணைக்கப்பட்டிருந்தது. நல்ல பையன். ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் என்ன வாதாட முடியும்?

இனி ஏஜென்ட். அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. சமயப் பணியாளருக்கான கிரீன் கார்டு என்று ஒரு பிரிவு உண்டு. அதற்கு இரண்டு ஆண்டு சமயப் பணி வேண்டும் என்பதும் மெய். அவர் விழுங்கிவிட்ட மீதிப் பாதி இதுதான்: மனு போடும் சபை, வாரம் 35 மணி நேரத்துக்குக் குறையாத, ஊதியத்தோடு கூடிய முழுநேர வேலையையும் தர வேண்டும். இந்தச் சபையில் உள்ளூர் ஆயருக்கே சம்பளம் கிடையாது. வாரநாளில் பல் மருத்துவராகவோ கணக்கராகவோ பிழைத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் சபையைக் கவனிக்கிறவர் அவர். ஆயருக்கே சம்பளம் தராத சபை உங்கள் மகனுக்கு எந்த ஊதியப் பதவியைக் காட்டி மனு போடும்? அப்படியானால் மூன்று லட்சம் எதற்கு? பெயர் கேள்விப்படாத ஏதோ ஒரு சிறு சபையின் கடிதத்தாளில் போலி வேலைக் கடிதம் தயாரிக்கத்தான். அது பிடிபட்டால் மாட்டுவது ஏஜென்ட் அல்ல. பொய் ஆவணம் கொடுத்தவர் என்ற பெயர் உங்கள் மகன் மேல் விழும், பிறகு ஆயுளுக்கும் அமெரிக்க விசா கிடைக்காமல் போகலாம்.

ஆர்-1 மனுவை ஐ-129 படிவத்தில் தாக்கல் செய்வது சபை. அதில் இடைத்தரகருக்கு வேலையே இல்லை. உங்கள் பங்கு, இணையத்தில் விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தை நிரப்புவதும் விசாக் கட்டணமான 205 டாலரைக் கட்டுவதும்தான். அந்தக் கட்டணத்தையும் யார் கட்டுவது என்று சபையிடமே கேளுங்கள். ஊழியச் செலவுக்கு அமெரிக்கக் குடும்பங்கள் 2020 ஜூலை முதல் மாதம் 500 டாலர் செலுத்துகின்றன. நம்மைப் போன்றவர்கள் எவ்வளவு தருவது என்பதை உள்ளூர்த் தலைவர்களோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அதையும் நான் கட்டுகிறேன் என்று யாராவது கை நீட்டினால் கதவைச் சாத்துங்கள்.

"ஊழியம் முடிந்ததும் அங்கேயே கல்லூரியில் சேர்ந்துவிடலாமே" என்று அடுத்து ஒருவர் வருவார். இதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. கல்லூரி இடம் கொடுத்து ஐ-20 என்ற சேர்க்கைச் சான்றை அனுப்பினால், ஐ-94 என்ற அமெரிக்க நுழைவுப் பதிவில் உள்ள தேதி முடிவதற்குள் ஐ-539 படிவம் போட்டு, மாணவர் நிலையான எஃப்-1க்கு மாற விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் போட்டாலே மாணவன் ஆகிவிடமாட்டான்.  ஒப்புதல் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கல்லூரி திறக்கும் தேதியைப் பற்றிக் குடியேற்ற அலுவலகத்துக்குக் கவலை இல்லை. காத்திருக்கும் காலத்தில் ஊழியம் முடிந்திருக்கும். பையன் பணியிலிருந்து விலகினால் 14 நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்கும் கடமை சபைக்கு உண்டு. கையில் வேலையும் இல்லாமல் படிப்பும் இல்லாமல் அவன் எங்கே தங்குவான்? வழக்கப்படி இந்தச் சபையின் ஊழியர் ஊர் திரும்பி, இங்குள்ள தலைவர்கள் கையால்தான் விடுவிக்கப்படுகிறார். என் பேச்சைக் கேட்டால், அவன் கோவைக்கு வரட்டும். ஒரு வாரம் உங்கள் கையால் சாப்பிட்டுவிட்டு, சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புதிதாக மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கட்டும்.

இப்போதைய ஊழிய விசாவுக்கான நேர்காணலுக்குப் பயப்பட வேண்டாம். ஒரு குடும்பத்தின் இரண்டு ஆண்டு வாழ்க்கையை ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவர் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிவு செய்கிறார் என்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவர்களை மட்டுமே நினைத்துச் செய்த படிவங்களை ஊழியக்காரர்களும் நிரப்ப வேண்டியிருக்கிறது. தினமும் என்ன செய்வாய், செலவை யார் ஏற்கிறார்கள், முடிந்ததும் என்ன திட்டம் என்று கேட்பார்கள். நான் மேலே சொன்ன வாரத்தை அவன் தன் வார்த்தைகளில் சொல்லட்டும். ஏஜென்ட் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்க வேண்டாம்.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. சுமார் ஆறு வாரத்துக்கு ஒரு முறை ஊழியர்களை இடம் மாற்றுவது சபையின் வழக்கம். அமெரிக்காவில் தங்கும் வெளிநாட்டவர் முகவரி மாறினால் 10 நாட்களுக்குள் ஏஆர்-11 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டு பெட்டிகளோடு ஊர் ஊராகப் போகும் பையனுக்கு இது எவ்வளவு தொல்லை என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவே இல்லை. இணையத்தில் இலவசமாகச் செய்யலாம், சில நிமிட வேலை. சபையின் ஊழிய அலுவலகத்தில் இதைத் தெரிவித்துவிட்டார்களா என்று ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அவன் கேட்டுக்கொள்ளட்டும்; இல்லையென்றால் தானே செய்துவிடட்டும்.

இவற்றையெல்லாம் நினைவூட்ட உங்களுக்கு வழி இருக்கிறது. முன்பெல்லாம் ஆண்டுக்கு இரண்டு முறைதான் வீட்டாரோடு பேச முடியும். 2019 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஆயத்த நாளில் பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம். முதல் அழைப்பிலேயே ஐ-94 பதிவை இறக்கி உங்களுக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். தங்கும் காலத்தை முடிவு செய்வது விசாவில் உள்ள தேதி அல்ல, அதில் உள்ள தேதிதான். யூட்டாவில் திங்கள் காலை ஒன்பது என்றால் கோடையில் உங்களுக்கு இரவு எட்டரை. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் பாதிவரை ஒன்பதரை. அந்த நேரத்துக்குக் கொழுந்தனாரின் கடையிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள், மகனுக்காக லைனைக் காலியாக வைத்திருங்கள்.