கியர் நிற்காத லாரியும் கரகரக்கும் காமெட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தாத்தா 1960களில் வாங்கி தீப்பெட்டி லோடு அடித்த டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி வீட்டில் நிற்கிறது. இன்ஜின் நன்றாக இருக்கிறது. மூன்றாவது கியர் மட்டும் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது, அதுவும் இறக்கத்தில் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும். மொத்த கியர் செட்டையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா? ஒரு தடவை ஏலகிரிக்கு ஓட்டிப் போக ஆசை.
(குடியாத்தம் வாசகர்)

பதில்: ஏலகிரியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் தம்பி. 14 கொண்டை ஊசி வளைவு உள்ள மலை அது. இறங்கும்போது கியர் கழன்றால் இன்ஜின் பிடிப்பு போய்விடும், மொத்த வண்டியையும் பிரேக் டிரம் ஒன்றே தாங்க வேண்டும், அது சூடேறிவிட்டால் மிதித்தாலும் நிற்காது. லோடு இல்லை என்றாலும் இதில் விளையாட்டு வேண்டாம்.

சரி, கியர் செட்டுக்கு வருவோம். கழலும் கியர்தான் கெட்டுப்போன கியர் என்று நினைத்து அதை மாற்றுகிறார்கள், பல வண்டிகளில் ஆரம்பக் காரணம் வேறு இடத்தில் இருக்கும். பாக்ஸை இறக்காமலே பார்க்க வேண்டியதை முதலில் பாருங்கள். மவுண்டிங் ரப்பர் நைந்திருக்கிறதா, பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் கூடு) போல்ட் லூசா, லீவர் இணைப்புகளில் பிளே இருக்கிறதா. அடுத்து மேல் மூடியைக் கழற்றுங்கள். செலக்டர் ராடை (லீவர் அசைவைக் கியருக்குக் கொண்டுபோகும் கம்பி) அதன் இடத்தில் பிடித்து வைப்பது ஒரு சின்ன ஸ்பிரிங்கும் ஒரு குண்டும்தான். ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, ராடில் குண்டு உட்காரும் பள்ளம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தாலோ கியர் நிற்காது. அதோடு முடிந்தால் உங்கள் செலவு மிகவும் குறைவு.

அங்கே குறை இல்லையென்றால் ராடில் மாட்டியிருக்கும் கவை, அதாவது ஃபோர்க்கைப் பாருங்கள். ஃபோர்க்கின் இரண்டு கால்களும் ஸ்லீவ் (கியரை ஷாஃப்ட்டோடு பூட்டும் வளையம்) பள்ளத்தில் உரசி உரசித் தேய்ந்திருக்கும். தேய்ந்த ஃபோர்க் ஸ்லீவை முழுசாகத் தள்ளாது, ஸ்லீவும் கியரும் பூட்டிக்கொள்ளும் டாக் பல் பாதி ஆழத்துக்குத்தான் கோக்கும், முழுச் சுமையும் அந்தப் பாதியில் விழுவதால் பல்லின் முனை உருண்டுபோகும், உருண்ட பல் ஸ்லீவைத் தானே வெளியே தள்ளும். பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இழுக்கும்போது ஒரு பக்கமும், காலை எடுத்ததும் எதிர்ப்பக்கமும் சுமை தாங்கும். உங்கள் வண்டி காலை எடுக்கும்போது கழல்வதால் எதிர்ப்பக்கம்தான் மழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பழைய ஃபோர்க்கை வைத்துக்கொண்டு புது கியர் போட்டால் அதையும் இதே மாதிரி தின்றுவிடும்.

மெயின் ஷாஃப்ட்டின் முன்மூக்கைத் தாங்கும் ரோலர், ஃப்ளைவீல் பக்கத்து பைலட் பேரிங், ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டம், இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள். ஷாஃப்ட் நேராக நிற்கவில்லையென்றால் எந்தக் கியரும் நிலைக்காது.

மழுங்கிய பல்லை வெல்டிங் வைத்து அரத்தால் ராவித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கியரின் மேல்தோல் மட்டும் சூடேற்றிக் கடினமாக்கப்பட்டது, வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும். கியர் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், எப்போதும் ஒன்றோடொன்று கோத்து ஓடும் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.

பாகம் தேடுவது தனி வேலை. டெல்கோவும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) டெய்ம்லர் பென்ஸும் 1954-ல் சேர்ந்து 1969-ல் பிரிந்தன. உங்களுடையது அந்தக் காலத்து வண்டி. சென்னை புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள், கடைக்காரரும் எதையாவது எடுத்துக் கொடுப்பார். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பல் எண்ணிக்கை, ஸ்ப்லைன் (ஷாஃப்ட்டின் நீளவாக்கில் உள்ள வரிப்பல்) எண்ணிக்கை, அகலம், ஷாஃப்ட் விட்டம் எல்லாம் ஒத்துப்போன பிறகு காசைக் கொடுங்கள்.

கேள்வி: தோல் லோடு அடித்த பழைய லேலண்ட் காமெட் லாரி. நியூட்ரலில் நிற்கும்போது கியர் பாக்ஸில் கரகர சத்தம், கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. டாப் கியரில் சத்தம் குறைவு, மற்றதில் அதிகம். பேரிங் மாற்றினோம், கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிட்டது.
(ஆம்பூர் வாசகர்)

பதில்: பாதிக் கண்டுபிடிப்பை நீங்களே செய்துவிட்டீர்கள் ஐயா. நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது இன்புட் ஷாஃப்ட்டும் லே ஷாஃப்ட்டும் (மெயின் ஷாஃப்ட்டுக்கு இணையாக ஓடும் ஷாஃப்ட்) சுற்றும், கிளட்சை மிதித்தால் நின்றுவிடும். அதனால் நோய் அந்த இரண்டில். நேரடி டாப்பில் சக்தி லே ஷாஃப்ட் வழியாகப் போகாது, அங்கே சத்தம் குறைந்தால் லே ஷாஃப்ட் பேரிங் மேல்தான் சந்தேகம். (ஓவர் டிரைவ், அதாவது இன்ஜினைவிட வேகமாகச் சுற்றும் டாப் கியர், உள்ள பாக்ஸில் நேரடி கியர் டாப்புக்கு முந்தினது.) கிளட்சை மிதிக்கும்போது சத்தம் புதிதாகக் கிளம்பினால் அது கிளட்சைத் தள்ளிப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங்.

புதுப் பேரிங் ஏன் நிற்கவில்லை? கேஸிங்கில் பேரிங் உட்காரும் ஓட்டையைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மினுங்கினால் பேரிங்கின் வெளி வளையமே உள்ளே சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். சில பட்டறைகளில் சென்டர் பஞ்சால் ஓட்டையைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் குத்தி இறுக்கிக் கொடுப்பார்கள். பிரிக்கும்போது அந்தப் புள்ளிகள் தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள், பழைய வண்டிகளில் சகஜம். அந்தப் புள்ளி முனைகள் சீக்கிரமே நசுங்கிவிடும், பேரிங்கும் மையத்தில் உட்காராது. ஓட்டையை போரிங் செய்து ஸ்லீவ் (இங்கே உலோகக் குழாய் வளையம்) இறக்குவதுதான் ஒழுங்கான வேலை. அதுவும் மெயின் ஷாஃப்ட்டுக்கும் லே ஷாஃப்ட்டுக்கும் உள்ள மைய இடைவெளி மாறாமல், கேஸிங்கின் இரண்டு பக்கமும் நேர்க்கோட்டில் வர வேண்டும். சாதாரண லேத்தில் அவசரத்துக்குச் செய்கிற வேலை இல்லை இது. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் போரிங் மெஷின் வைத்திருப்பவர்களை விசாரியுங்கள்.

பேரிங் வாங்கும்போது எண்ணைப் படியுங்கள். 6308 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 40 மில்லிமீட்டர். பழைய வண்டியில் இஞ்ச் சைஸ் பேரிங் இருக்கலாம், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அளந்துதான் வாங்க வேண்டும். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது பேரிங்கை எண்ணெயில் 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் வழுக்கிக்கொண்டு உட்காரும். வெளி வளையத்தில் சுத்தியலால் அடித்து ஏற்றினால் குண்டுகள் பாதையில் தழும்பு போட்டுவிடும், அப்புறம் புதுப் பேரிங்கே சத்தம் போடும்.

கேள்வி: என் பழைய லாரியில் கியர் மாற்றும்போது கர்ரென்று அடிக்கிறது. சிங்க்ரோ ரிங் போய்விட்டது என்கிறார்கள்.
(வாலாஜாபேட்டை வாசகர்)

பதில்: உங்கள் பாக்ஸில் சிங்க்ரோ ரிங் (கியர் கோக்கும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தக் காலத்து லாரிகள் பலவற்றில் கிடையாது. இல்லையென்றால் கியரை இப்படித்தான் மாற்ற வேண்டும்: கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு மறுபடி மிதித்து அடுத்த கியர், கீழே இறக்கும்போது நடுவில் ஒரு சின்ன ஆக்சிலேட்டர். வயதான லாரி டிரைவர் யாராவது ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் போதும். அதற்குப் பிறகும் அடித்தால் கிளட்ச் முழுசாகப் பிரிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வேலை முடித்த பாக்ஸில் என்ன ஆயில் ஊற்றுவது? புது சீல் போட்டும் ஒழுகுகிறது.
(காட்பாடி வாசகர்)

பதில்: மேனுவலில் சொன்ன தடிமன்தான் முதல் விதி. அது கிடைக்காவிட்டால், பித்தளை பாகங்கள் உள்ள பழைய பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரமும் 80டபிள்யூ-90 தடிமனும் உள்ள ஆயில் பாதுகாப்பானது. டிஃபரன்ஷியலுக்கு வாங்கிய ஜிஎல்-5 மிச்சம் இருக்கிறதே என்று இதில் ஊற்றாதீர்கள், அதில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும். ஒழுகலுக்கு சீலைத் திட்டுவதற்கு முன் மேலே உள்ள பிரீதரை (உள்காற்று வெளியேறும் துளை) கழற்றி ஊதிப் பாருங்கள். வேலூர்ப் புழுதியில் அது அடைத்துக்கொண்டால், சூடான காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். அளவு ஓட்டைக்கு மேல் ஊற்றினாலும் இதே கதிதான். முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்து, காந்தத்தை விட்டுத் துழாவுங்கள். மாவு மாதிரி ஒட்டினால் பரவாயில்லை, சில்லு சில்லாக வந்தால் வண்டியை ஓரங்கட்டி மறுபடி பிரியுங்கள்.